கப்பலுக்குக் கஞ்சி ஆகவில்லை

போன மாதம் என்னைப் பார்க்க இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். இருவரும் இப்போது தோட்ட ஆஸ்பத்திரிகளில் உதவியாளர்களாக இருக்கிறவர்கள். பேச்சுவாக்கில் ஒருவர், சிரம்பானில் நாய்களுக்கென்றே ஒரு டாக்டர் வந்திருக்கிறார் என்றும், அங்கே நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து வாயில் அறுவை செய்கிறார்கள் என்றும் வியந்து சொன்னார். "உங்க காலத்துல இதெல்லாம் ஏதுங்கய்யா?" என்று வேறு கேட்டுவிட்டார். எனக்கு உடனே மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உட்காருங்கள் தம்பி" என்றேன். அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாயால் சொன்னபோது கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன். எழுத்தில் அப்படிச் செய்யவில்லை.

டாக்டருக்குக் கீழே மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் வேலைக்கு நான் வந்த கதை சுருக்கமானது. சிரம்பானில் ஏழாவது வரை படித்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் போத்தல் கழுவினேன், கட்டுத்துணி சுருட்டினேன், திட்டு வாங்கினேன். பரீட்சையில் ஒரு தடவை தவறி மறுதடவை தேறினேன். கோலா சாவாவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு வார்டு. ஒரு மருந்து அறை, நீளமான வராந்தா, பின்னால் தகரம் வேய்ந்த சமையல்கட்டு. இருபத்தெட்டு வருஷம் அதுதான் என் உலகம்.

எனக்கு மேலதிகாரி டாக்டர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். நாலைந்து தோட்டங்களுக்கு அவர்தான் டாக்டர். எங்களிடம் புதன்கிழமையும் சனிக்கிழமையும் வருவார். காரிலிருந்து இறங்கினால் நோயாளியைப் பார்க்கமாட்டார், நேரே கை கழுவும் பேசினுக்குப் போவார். கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு, மூன்று நிமிஷம் நகக்கண் வரை தேய்ப்பார். அதற்குள் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். அவரிடம் நோயாளி பிழைப்பான், விதி தவறினவன் பிழைக்கமாட்டான். முக்கியமான விதி சாப்பாட்டுச் சீட்டு. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சீட்டு தொங்கும். அதில் எழுதியிருப்பதைத் தவிர ஒரு பருக்கை நோயாளியின் வாய்க்குப் போகக்கூடாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து யாராவது கருவாட்டுக் குழம்பைத் தூக்குச்சட்டியில் மறைத்துக் கொண்டுவந்து பிடிபட்டால், கொண்டுவந்தவருக்கும் தின்றவருக்கும் எனக்கும் சேர்த்து அர்ச்சனை நடக்கும்.

கொய்னா கொடுக்கக் கற்றுத்தந்தவரும் அவர்தான். மலேரியா காலத்தில் வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு மடக்குக் கொய்னாத் தண்ணீர் ஊற்றுவோம். பாதிப் பேர் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய் மரத்தடியில் துப்பிவிடுவார்கள். "வாயிலே ஊத்தினால் போதாது காணும். அவன்ரை பேரையும் தேப்பன்ரை பேரையும் சொல்லச் சொல்லும். விழுங்காமல் ஒருத்தனாலும் சொல்லேலாது" என்றார். அன்றிலிருந்து என் பெரட்டில் யாரும் துப்பியதில்லை. வாய்க்குள் போவது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு என்பதை அப்போதே எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஆனால் எனக்குப் புரிய ஒரு நாய் வரவேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிச் சமையல்காரி பாப்பாத்தி. புருஷனோடு ஊரிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவள். வந்த இரண்டாம் வருஷமே அவன் காய்ச்சலில் போய்விட்டான். சாவதற்குப் பத்து நாள் முன்னால் எங்கிருந்தோ ஒரு குட்டி நாயைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்து அவள் மடியில் விட்டிருக்கிறான். அது நடக்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியதால் கப்பல் என்று பெயர் வைத்ததும் அவன்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை, இந்த மண்ணில் உறவென்று ஒருவரும் இல்லை. கப்பல்தான் எல்லாம். இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் வாயில் வருவதெல்லாம் வசவுதான். நாயையும் திட்டுவாள், என்னையும் திட்டுவாள், வேகாத பருப்பையும் திட்டுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு, அவள் வைக்கும் கஞ்சி. புழுங்கலரிசியை நொய்யாக உடைத்து, பாலாடை போலக் காய்ச்சி, சுக்கும் சீரகமும் தட்டிப் போடுவாள். "என் கஞ்சியைக் குடிச்சு எந்திரிக்காத ஆளு இந்தத் தோட்டத்துல உண்டாங்கய்யா?" என்பாள். இல்லைதான்.

ரப்பர் விலை சரிவதற்கு முந்தின ஒரு வருஷம், ரப்பர்ப்பால் ஏற்றும் வண்டி மாடு ஒன்று கப்பலை வாயில் உதைத்துவிட்டது. கீழ்த்தாடையின் முன்பக்கம் நொறுங்கிப் போயிற்று. நான் பெர்மாங்கனேட் கலந்த ஊதாத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவிப் பார்த்தேன். மூன்று வாரத்தில் எலும்பு அழுகி, பக்கத்தில் நிற்கமுடியாத நாற்றம். அடுத்த சனிக்கிழமை டாக்டர் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே பாப்பாத்தி எதிரில் போய் நின்றாள்.

"டாக்டரய்யா, என் நாய்க்கு வாயை அறுத்து உடணும்."

"நான் மனுசருக்கு டாக்குத்தர்."

"அதுக்கும் வலிக்குதுங்களே."

அவர் மறுபடி முதலிலிருந்து கை கழுவ ஆரம்பித்தார். அன்று பகல் பன்னிரண்டுக்கு வழக்கம்போல் அவருக்குப் பாப்பாத்தி போட்ட தேநீர் வந்தது. சர்க்கரை இல்லை. அவர் ஒரு வாய் குடித்தார், கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சூசை, வராந்தாவிலே அந்தப் பழைய மேசையைப் போடும். உள்ளுக்கை வேண்டாம். வெட்டுற சாமானெல்லாம் பிறகு தனியாய் ஒரு மணித்தியாலம் அவிக்க வேணும், விளங்குதோ?" என்றார்.

அந்த அறுவையை இன்றும் கண்முன் காண்கிறேன். துண்டைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் பஞ்சு வைத்து, குளோரோபாம் சொட்டுச் சொட்டாக விட்டேன். என் வேலை மருந்து விடுவது மட்டுமல்ல, மூச்சை எண்ணுவதும்தான். வாய்விட்டு எண்ணவேண்டும். நான் நிறுத்தினால் அவர் கத்தி நிற்கும். நொறுங்கிய எலும்பை வெட்டி எடுத்து, நல்ல எலும்பு வெள்ளையாகத் தெரியும் வரை அராவி, மீதித் தோலை மேலே இழுத்துத் தைத்தார். முன்பற்களும் கோரைப்பற்களும் அவற்றைத் தாங்கிய எலும்பும் போய்விட்டன. கடைவாய் இரண்டு பக்கமும் தப்பியது. நாற்பது நிமிஷம். ஒரு தடவைகூட அவர் அதை நாய் என்று சொல்லவில்லை. "நோயாளியின்ரை தலையைப் பிடியும்" என்றுதான் சொன்னார்.

கண் விழித்த கப்பலைப் பார்த்து எனக்கே சிரிப்பும் அழுகையும் வந்தது. கீழ்வாய் குட்டையாகி, நாக்கு இடப்பக்கம் வழிந்து தொங்கியது. பாப்பாத்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூஞ்சியைப் பாரு, சுருட்டுப் பிடிக்கிற கங்காணியாட்டம்" என்றாள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. முதல் இரண்டு நாள் சர்க்கரைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்துப் பிழிந்தோம். பிறகு சாப்பாடு. வாயில் நோய் என்றால் கஞ்சி. இதில் எனக்கோ பாப்பாத்திக்கோ துளி சந்தேகம் இல்லை. தோட்ட ஆஸ்பத்திரி என்று ஒன்று இருக்கும் நாள் முதல் அப்படித்தான். எலும்பு முறிந்தால்கூட கஞ்சிதான் கொடுத்தோம். கப்பல் ஆசையாகத்தான் வந்தது. நாக்கை விட்டது, அள்ளியது, எல்லாம் வழிந்து நெஞ்சில் ஊற்றியது. மூக்கில் ஏறி இருமியது. அவள் இன்னும் தண்ணீராகக் காய்ச்சினாள். இன்னும் மோசம். பசிக்க வேண்டும் என்று ஒரு வேளை விட்டுப் பார்த்தோம். கடைசியில் அது தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. விலா எலும்பு எண்ணும்படி ஆகிவிட்டது.

இடையில் இரண்டு தடவை வந்த டாக்டர் தையலை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அறுவை முடிந்து பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, தோட்ட மானேஜரான வெள்ளைக்காரத் துரை சுற்றிப் பார்க்க வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். தமிழும் மலாயும் கலந்து அவர் ஒரு பாஷை வைத்திருந்தார். கப்பல் பக்கத்தில் குந்தி, விலாவைத் தடவினார்.

"டிரெஸ்ஸர், இந்த நாய் மாக்கான் பண்ணுது இல்லே. இது பாவம். அடுத்த வாரம் சனிக்கிழமே பத்து மணி நாம் வரும். நாய் தானா தின்னு காட்டும், நல்லது. தின்னுது இல்லே, நாம் சுடும். வலி இல்லே, சட்டுன்னு."

பாப்பாத்தி சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். கஞ்சி ஏன் இறங்கவில்லை என்று நானே பார்த்துவிடுவது. ஒரு கட்டுத்துணியை எடுத்து, கீழ் உதட்டையும் தாடையையும் பின்னுக்கு இழுத்துத் தலைக்கு மேல் முடிச்சுப் போட்டேன். வராந்தாவில் கஞ்சித் தட்டை வைத்து, கையையும் முட்டியையும் ஊன்றி, நாக்கை நீட்டி நக்கினேன். நெஞ்செல்லாம் கஞ்சி. மறுபடி நக்கினேன். இருமல். மூன்றாம் தடவை குனிந்தபோது என் மூக்குக்கு முன்னால் இரண்டு பளபளப்பான சப்பாத்துகள் தெரிந்தன. அன்று புதன்கிழமை என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சூசை, எத்தினை நாளாய் இப்பிடி?"

கட்டிய வாயோடு ஏதோ உளறினேன். வேலை போயிற்று, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் தயார் என்றே நினைத்தேன். அவர் கப்பலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என் சட்டையில் வழிந்த கஞ்சியைப் பார்த்தார். பிறகு அந்த வெள்ளைக் கால்சட்டையோடு வராந்தாவில் குந்தினார். கையும் கழுவவில்லை!

"இன்னொருக்கா நக்கும், பாப்பம். மெதுவாய். ஓம்... நாக்கு அள்ளுது. அள்ளினதைத் தாங்கக் கீழ்வாய் இல்லை. உமக்கும் இல்லை, அதுக்கும் இல்லை. தண்ணியாய் இருக்கிற எதுவும் நிக்காது. கெட்டியாய் ஏதும் தாரும்."

"கெட்டியாவா?" என்றாள் பாப்பாத்தி. "வாயில தையல் போட்டதுக்குக் கெட்டியாவா? கஞ்சியே எறங்கலே!"

"உம்மடை கஞ்சியாலைதான் இறங்கேல்லை."

அந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் முகம் சிவந்து, உள்ளே போய் நேற்றைய சோற்றை ஒரு கை அள்ளி, ஆத்திரத்தோடு அழுத்திப் பிடித்து என் தட்டில் டொக்கென்று போட்டாள். குனிந்து ஓரக்கடைவாயால் கவ்வினேன். உருண்டை உள்ளே போய்விட்டது. மென்று விழுங்கினேன். டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மடை பேரையும் தேப்பன்ரை பேரையும் சொல்லும்."

கட்டை அவிழ்த்துவிட்டுச் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அன்றே கப்பலுக்கு ஒரு சீட்டு எழுதினார். 'பெயர்: கப்பல். ஆண். வயது ஐந்து. சோற்றுருண்டை காலையில் ஆறு, பகல் பன்னிரண்டு மணிக்கு ஆறு, மாலையில் ஆறு. வேறெதுவும் கூடாது.' கையெழுத்துப் போட்டு, வராந்தாத் தூணில் ஆணியடித்து மாட்டச் சொன்னார்.

இனி முறையைச் சொல்கிறேன். நாய் டாக்டருக்கும் உபயோகப்படும். முள் பார்த்து எடுத்த அவித்த மீனைச் சோற்றோடு பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டவேண்டும். பெரிதாகப் பிடித்தால் தையலில் இடிக்கும். சிறிதானால் மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமலிருக்க உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். முதல் மூன்று நாள் கடைவாய்ப் பக்கம் விரலால் தள்ளி வைத்தோம். ஒவ்வொரு வேளைக்கும் பிறகு வாயைக் கழுவினோம். நாலாம் நாள் உருண்டையை மூக்குக்கு நேரே பிடித்தோம். அது பழைய ஞாபகத்தில் முன்வாயால் கவ்வ வரும், அங்கே வாய் இருக்காது, உருண்டை விழும். கப்பல் குனிந்து உருண்டையைப் பார்க்கும், பிறகு எங்களைப் பார்க்கும், நாங்கள்தான் ஏமாற்றிவிட்டோம் என்பது போல. ஆறாம் நாள் தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் வாங்கக் கற்றுக்கொண்டது. தண்ணீர் குடிப்பதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவே இல்லை. வாளியில் மூக்குவரை முகத்தை அமுக்கி உறிஞ்சத் தானே கண்டுபிடித்துவிட்டது.

ஆனால் துரை கேட்டது தானாகத் தின்பதை. தட்டில் வைத்தால் உருண்டை ஓடும், துரத்தும், தட்டைத் தாண்டிப் போய்விடும். ரப்பர்ப்பால் உறைய வைக்கிற உயரமான விளிம்புள்ள தகரத் தட்டு ஒன்றை ஸ்டோரிலிருந்து எடுத்துவந்தேன். இரண்டு செங்கல்லின் மேல் உயர்த்தி வைத்தேன். உருண்டை ஓடும். கப்பல் மூக்கால் துரத்தும். மூலையில் போய் மாட்டிக்கொண்டதும் தலையைச் சாய்த்துக் கடைவாயால் அள்ளும். இரண்டு வார்டிலும் நடக்கமுடிந்தவர்கள் எல்லாரும் வராந்தாவுக்கு வந்துவிடுவார்கள். "அந்த மூலை, அந்த மூலை! விடாதே கப்பலு!" என்று ஒரே கூச்சல். காய்ச்சல்காரர்கள் காய்ச்சலை மறந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு உருண்டையையும் தானே பிடித்துத் தின்றது.

சனிக்கிழமை காலை வேளையை நிறுத்தி வைத்தோம். பத்து மணிக்குத் துரை வரும்போது பசியோடு இருக்கவேண்டும் அல்லவா? "யாரும் ஒரு பருக்கை கொடுக்கக்கூடாது" என்று வார்டு வார்டாகப் போய்ச் சொன்னேன். பாப்பாத்தி ஆறு உருண்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுப்படியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணிக்கு டாக்டர் வந்து தன் வேலையைப் பார்த்தார். சரியாகப் பத்துக்குத் துரை துப்பாக்கியோடு வந்தார்.

பாப்பாத்தி உருண்டைகளைத் தகரத் தட்டில் போட்டாள். கப்பல் வந்தது. முகர்ந்தது. திரும்பிப் போய்த் தூணடியில் சுருண்டு படுத்துக்கொண்டது.

"கப்பலு, வாடா" என்றாள். அது வாலை மட்டும் ஆட்டியது. ஒரு உருண்டையை எடுத்து மூக்கருகே காட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. "நேத்து தின்னுச்சுங்க துரை. சத்தியமா தின்னுச்சுங்க." அவள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

துரை தலையை ஆட்டிக்கொண்டு துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்.

அப்போது வார்டுக்குள்ளிருந்து ஒரு குரல். காலில் புண்ணோடு ஒரு மாதமாகக் கிடந்த மாரிமுத்து. "துரை, சுடாதீங்க. நான் காலையில ரெண்டு குடுத்துட்டேனுங்க. பசியில தெம்பில்லாமப் போயிடுமேன்னு..."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வார்டு புத்தகத்தை எடுத்தேன். பெரட்டில் கூப்பிடுவது போலவே உரத்துக் கூப்பிட்டேன்.

"காத்தான்!"

"ஒண்ணுங்கய்யா. தட்டுலதான் போட்டேன். அதுவே எடுத்துத் தின்னுச்சு."

"ராமாயி!"

"மூணு."

"பெரியசாமி!"

"நான் ஒண்ணுதாங்க. எங்க வூட்டுக்காரி வந்தப்ப ரெண்டு."

ஒவ்வொருவரும் தன் பங்குச் சோற்றில் மிச்சம் பிடித்து, மற்றவர்களுக்குத் தெரியாமல், அது தோற்றுவிடக் கூடாதே என்று கொடுத்திருக்கிறார்கள். பெயர்கள் முடிந்தன. துரை என்னைப் பார்த்தார்.

"டிரெஸ்ஸர்?"

வார்டு புத்தகத்தை மூடினேன். "ரெண்டு, சார்."

"பாப்பாத்தி?"

"நான் குடுக்கலீங்க" என்றாள். கண்ணீர் வழிந்தது. "டிரெஸ்ஸரய்யா குடுக்கக் கூடாதுன்னாருன்னு நான் ஒருத்திதாங்க குடுக்கலை."

துரை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கை கழுவும் பேசின் பக்கமிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம். டாக்டர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு" என்றார், திரும்பாமலே. "காராலை இறங்கேக்கை. வீட்டிலையிருந்து கொண்டுவந்தனான். இறால் போட்டது."

துரைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் வார்டே சேர்ந்து சிரித்தது. துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கப்பலின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், மத்தளமாக இருந்தது. "வேணாம் சொல்றது நாய், நல்ல நாய்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பாப்பாத்தி சமையல்கட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, பதினோரு நாளைக்குப் பிறகு ஒரு தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு, பெரிய பெரிய கவளமாகத் தின்றுகொண்டிருந்தாள். கப்பல் பக்கத்தில் போய் நின்றது. "போடா, சீட்டுல பன்னெண்டு மணின்னு இருக்கு" என்று ஒரு வசவு வைத்தாள். வைத்துவிட்டு, தன் தட்டிலிருந்தே ஒரு உருண்டை பிடித்தாள். நெல்லிக்காய் அளவு.

நான் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்குப் பின்னால் வந்து நின்ற டாக்டரும் அப்படித்தான்.